குழந்தை சொன்ன கதையைச் சிரிப்பு ஒலிநாடகமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் எங்கள் தெரு நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்கள் சொல்லும் கதைகளைப் பெரியவர்கள் சேர்ந்து நடித்து, ஒலிப்பதிவு செய்து, சொன்ன பிள்ளைக்கே திருப்பிக் கொடுக்கிறோம். ஆறு வருஷமாக இது நடக்கிறது. பதிவைக் கேட்ட பெற்றோரும் ஆசிரியர்களும் போனிலும் நேரிலும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது என்ன, கதை வாசிக்கிறதா, இல்ல நாடகமா?

நாடகம்தான். காதுக்கு மட்டுமான நாடகம். குழந்தை சொன்ன கதையைச் சொல் மாறாமல் எழுதிக்கொண்டு, நான்கைந்து பெரியவர்கள் பாத்திரம் பிரித்துப் பேசி, ஓசைகள் சேர்த்து, முடிந்தால் ஒரு பாட்டும் போட்டு முடிப்போம். குழந்தைதான் ஆசிரியர். நாம் அந்த ஆசிரியருக்கு வாய்த்த நாடகக் குழு.

ஓர் உதாரணம் சொல்கிறேன், பின்னால் இதைப் பலமுறை எடுக்கப்போகிறேன். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சொன்ன கதை, முழுவதும் இவ்வளவுதான்: “ஒரு ஆடு இருந்துச்சு. கிணத்துல நிலா விழுந்துச்சு. ஆடு தண்ணியோட நிலாவையும் குடிச்சிருச்சு. அப்புறம் ஆட்டு வயித்துல லைட் எரிஞ்சுச்சு. அதனால அவங்க வீட்டுக்குக் கரண்ட் பில்லே வரல.” இந்த ஐந்து வரி நாங்கள் நடித்தபோது நாலு நிமிஷம் ஓடியது.

இதை நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?

இல்லை. அமெரிக்காவில் ஸ்டோரி பைரேட்ஸ் என்ற நடிகர் குழு, குழந்தைகள் எழுதி அனுப்பும் கதைகளை மேடையிலும் பாட்காஸ்டிலும் நகைச்சுவை நாடகமாக நடிக்கிறது. நமக்கும் இது ரொம்பப் புதிது இல்லை. சென்னை வானொலியின் ‘பாப்பா மலர்’ நிகழ்ச்சியும், அதில் ‘வானொலி அண்ணா’வாக இருந்த கூத்தபிரானும் ஒரு தலைமுறைக்கே ஞாபகம் இருக்கும். நாங்கள் செய்வது அந்த வழியில் ஒரு சின்ன மாற்றம். பெரியவர் எழுதியதைப் பிள்ளைகள் நடிக்காமல், பிள்ளைகள் சொன்னதைப் பெரியவர்கள் நடிக்கிறோம்.

என் பையன் கதையே சொல்ல மாட்டான். ஒரு வரி சொல்லிட்டு ஓடிடுவான். என்ன செய்ய?

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். “கதை சொல்லு” என்று உட்கார வைத்தால் பாதிப் பிள்ளைகள் பாடப்புத்தகக் கதையை ஒப்பிக்கும், மீதி ஓடிவிடும். கதை பிறப்பது குளிக்கும்போது, சோறு ஊட்டும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது. “இட்லிக்குச் சளி பிடிச்சிருக்கு” என்று ஒரு பிள்ளை தட்டைப் பார்த்துச் சொன்னால் கதை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி “அப்புறம்?”

‘ஏன்’ என்று கேட்காதீர்கள். “ஏன் இட்லிக்குச் சளி பிடிச்சது?” என்றால் பிள்ளை பரீட்சையில் மாட்டிக்கொண்டது போல முழிக்கும். “அப்புறம் அது என்ன செஞ்சுது?”, “யாருகிட்ட போச்சு?”, “அவங்க என்ன சொன்னாங்க?” இந்த மூன்றும் போதும். நடுவில் நீங்கள் ஒரு யோசனையும் கொடுக்கக் கூடாது. “டாக்டர்கிட்ட போச்சா?” என்று நீங்கள் கேட்டுவிட்டால் அது உங்கள் கதை. எங்கள் பிள்ளையின் இட்லி டாக்டரிடம் போகவில்லை, சாம்பாருக்குள் இறங்கி ஆவி பிடித்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அந்த ஆவி எனக்குக் கிடைத்திருக்காது.

எழுதித் தரச் சொல்லலாமா?

எட்டு, ஒன்பது வயதுக்கு மேல், எழுதப் பிடித்த பிள்ளை என்றால் சரி. சின்னவர்களை எழுதச் சொன்னால், எழுதத் தெரிந்த சொற்களுக்குள் கதையைச் சுருக்கிவிடுவார்கள். சொல்ல விட்டு, போனில் பதிவு செய்து, பிறகு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ‘குடிச்சிருச்சு’ என்றால் ‘குடிச்சிருச்சு’ என்றே எழுதுங்கள், ‘குடித்துவிட்டது’ என்று மாற்ற வேண்டாம்.

கதையில தலையும் இல்ல, வாலும் இல்ல. கேட்கிறவங்களுக்குப் புரியணும்ல, கொஞ்சம் திருத்திக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தலை வால் தெரியாத இடத்தில்தான் பிள்ளையின் மூளை வேலை செய்திருக்கிறது. ஆடு நிலாவைக் குடித்தால் வயிற்றில் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் பல்பு போட வேண்டாம். பல்பு போடாவிட்டால் பில் வராது. அந்தப் பிள்ளை ஒரு படியைக்கூடத் தவறவிடவில்லை. இதில் ‘நீதி’ ஒன்றைச் சேர்த்து, ஆடு திருட்டுக்காக வருந்தியது என்று முடித்தால், ஆயிரம் கதைகளில் ஒன்றாகிவிடும்.

எங்கள் விதி இது: இருக்கிற வரியை ஊதிப் பெரிதாக்கலாம், இல்லாத வரியை நுழைக்கக் கூடாது. “கரண்ட் பில்லே வரல” என்பது அவள் வரி. அதற்குள் மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வருபவரைக் கொண்டுவந்தோம். மீட்டர் அசையவே இல்லை. வீட்டுக்குள் வெளிச்சம் மட்டும் நடந்து போகிறது. “அம்மா, உங்க வீட்டு லைட்டு என்னைப் பார்த்து மே-ங்குது” என்கிறார். அந்த வசனம் எங்களுடையது, சம்பவம் அவளுடையது. சம்பவங்களின் வரிசை, பெயர்கள், முடிவு மூன்றையும் தொடவே கூடாது. பசுவின் பெயர் ‘சுரேஷ்’ என்று பிள்ளை சொன்னால், பசுவின் பெயர் சுரேஷ்தான்.

சிரிப்பு எப்படி வரும்? எனக்கு ஜோக்கெல்லாம் எழுத வராதே?

ஜோக் எழுத வேண்டாம். கதையை முழுசாக நம்பி நடித்தால் சிரிப்பு தானாக வரும். ஒரு பல்லி, தன் வாலைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன கதை ஒன்று வந்தது. சொன்னவனுக்கு ஏழு வயது. நடித்தவர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: நிஜமாகவே ஒரு வீட்டில் நகை திருட்டுப் போயிருக்கிறது, நீங்கள் இன்ஸ்பெக்டர், மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. அவரும் அப்படியே கேட்டார். “கடைசியா எப்போ பார்த்தீங்க?” “காலையில சார்.” “எங்க இருந்துச்சு?” பல்லி ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தயங்கிச் சொல்கிறது: “எனக்குப் பின்னால சார்.” இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பேனா காகிதத்தில் கிறுக்கும் சத்தம் மட்டும். “பின்... னால...” என்று எழுதுகிறார். அந்த இடத்தில் பதினைந்து பிள்ளைகள் தரையில் உருண்டார்கள்.

நடிப்பவர் தானே சிரித்துக்கொண்டு, “பாருங்க எவ்வளவு வேடிக்கை” என்ற தொனியில் பேசினால் இரண்டு கெடுதல். சிரிப்பு வராது. அதைவிட, கதை சொன்ன பிள்ளைக்குத் தன்னைக் கேலி செய்வதாகத் தோன்றும். பிள்ளைகளுக்கு இது உடனே தெரிந்துவிடும். பல்லி வாலைத் தொலைத்தது அந்தப் பையனுக்கு உண்மையான துக்கம். அந்தத் துக்கத்தை நாம் மதித்தால் அவனும் நம்மோடு சேர்ந்து சிரிப்பான்.

இன்னொரு சின்ன விஷயம், இடைவெளி. சிரிக்க வேண்டிய வசனத்துக்கு முன்னால் அரை வினாடி மௌனம் விடுங்கள், பின்னால் ஒரு வினாடி விடுங்கள். எங்கள் முதல் பதிவுகளில் வசனங்கள் ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடும். பிள்ளைகள் சிரிக்கும் சத்தத்தில் அடுத்த வரி அடிபட்டுப்போகும்.

எனக்குக் குரல் மாத்திப் பேச வராது. மிமிக்ரி தெரிஞ்சவங்கதான் இதைச் செய்யணுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர் ராமனாகவும் பேசுவார், ராவணனாகவும் பேசுவார், அடுத்த நொடியில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிகளுமாகச் சண்டை போடுவார். பாவை அசைவது பாதிதான், மீதி முழுக்கக் குரல். கவனித்துக் கேட்டால், அவர் குரலை மட்டும் மாற்றுவதில்லை. ஒருவன் மூச்சுவிடாமல் பேசுவான், இன்னொருவன் ஒவ்வொரு சொல்லாக இழுப்பான். இரண்டு பேரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடலாம்.

அதனால் முதலில் வேகத்தை மாற்றுங்கள். ஆமை இழுத்துப் பேசும் என்பது எல்லோரும் செய்வது. ஆமை படபடவென்று பேசி, நடக்கும்போது மட்டும் மெதுவாக நடந்தால் இன்னும் வேடிக்கை. அடுத்து, சொல் வாயில் எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள். மூக்கால் பேசினால் ஒரு ஆள், தொண்டையின் அடியிலிருந்து பேசினால் இன்னொரு ஆள், கன்னத்தில் வெற்றிலையை அடக்கியது போலப் பேசினால் மூன்றாவது ஆள். அதுவும் வராவிட்டால் உங்களுக்குத் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொண்டு பேசுங்கள். எங்கள் யானைக்கு நான் கொடுத்தது, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் என் பெரியப்பாவின் குரல். “சாப்பிட்டாச்சா, இலை போட்டாச்சா” என்ற அந்த அதட்டலும் அக்கறையும் யானைக்கு அப்படியே பொருந்தியது.

கரகரத்த ராட்சசக் குரலை மட்டும் அதிக நேரம் பேசாதீர்கள், தொண்டை புண்ணாகிவிடும். அந்த வசனங்களைக் கடைசியில் பதிவு செய்து, பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர்ல குரலைக் கீச்சுனு மாத்திட்டா போதாதா?

ஒரு எறும்புக்குச் செய்யலாம். எல்லாப் பாத்திரத்துக்கும் செய்தால் எல்லோரும் ஒரே எறும்பாகிவிடுவார்கள். கீச்சுக் குரலில் தமிழ் ழகர ளகரமும் கரைந்துபோகும், சின்னப் பிள்ளைகளுக்கு வசனம் பிடிபடாது.

ஓசையெல்லாம் எங்க டவுன்லோடு பண்றீங்க?

பெரும்பாலும் சமையலறையிலிருந்து. சினிமாவில் காலடி, துணிச் சரசரப்பு போன்ற ஓசைகளைப் படம் ஓட ஓடக் கையால் உண்டாக்கும் வேலைக்கு ஃபோலி என்று பெயர். 1920களின் இறுதியில் ஹாலிவுட்டில் இதைச் செய்யத் தொடங்கிய ஜாக் ஃபோலியின் பெயரே அந்தத் தொழிலுக்கு நின்றுவிட்டது. குதிரைக் குளம்புக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை, பனியில் நடக்கும் ஓசைக்குத் தோல் பையில் அடைத்த சோளமாவு என்பவை அந்தத் தொழிலில் இன்றும் நடப்பவை. சிரட்டைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை.

நாங்கள் பயன்படுத்துபவை: முறத்தில் அரிசியைச் சாய்த்துச் சாய்த்து விட்டால் மழை. மெல்லிய தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் இடி. மொறமொறப்பான பிளாஸ்டிக் தாளை மைக் பக்கத்தில் மெதுவாகக் கசக்கினால் நெருப்பு. பனையோலை விசிறியைத் தொடையில் தட்டினால் பெரிய பறவை இறக்கை அடிப்பது. முறுக்கை ஒடித்தால் எலும்பு உடைவது, அதைத் தின்றுவிட்டால் ராட்சசன் சாப்பிடுவது. வெறும் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல். ஆடு நிலாவைக் குடித்த ஓசைக்கு, வாய் குறுகிய சொம்பைத் தண்ணீருக்குள் அமுக்கினோம். ‘குளுக் குளுக்’ என்று வந்தது. அந்தச் சிறுமி கேட்டுவிட்டு, “நிலா பெருசுல்லா, இன்னும் ஒரு குளுக் வேணும்” என்றாள். சேர்த்தோம்.

இதற்கு மேல் நம்மிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது. தமிழே பாதி ஓசைப் பெட்டி. தடதட, சலசல, கிடுகிடு, மொறுமொறு, பளபள, வழவழ. “இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா” என்று தொல்காப்பியமே இதற்கு இலக்கணம் சொல்கிறது. ‘சல’ என்று ஒற்றையாக நின்றால் பொருள் இல்லை, ‘சலசல’ என்றால்தான் ஓடை ஓடும். பிள்ளைகள் இதை யாரும் சொல்லித்தராமலே செய்கிறார்கள். புதிதாகவும் உண்டாக்குகிறார்கள். ஒரு பையனின் கதையில் ரோபோ ‘டொக்கி டொக்கி’ என்று நடந்தது, ‘ஙிய்யா ஙிய்யா’ என்று அழுதது. இந்த மாதிரி இடத்தில் ஓசையைத் தயாரிக்கவே மாட்டோம். அழும்போது எல்லோரும் சேர்ந்து “ஙிய்யா ஙிய்யா” என்று வாயால் சொல்வோம். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவது மாதிரி. கேட்கிற பிள்ளைகளும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

எந்த மைக் வாங்கணும்?

முதல் பத்துக் கதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். பதிவு கெடுவது மைக்கால் அல்ல, அறையால். வெறும் சுவர், வெறும் தரை உள்ள அறையில் குரல் முட்டி முட்டித் திரும்பும். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்காருங்கள், அல்லது இரண்டு நாற்காலிக்கு மேல் கம்பளியைப் போர்த்திக் கூடாரமாக்கி உள்ளே போய்ப் பேசுங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கூடாரமே ஒரு கொண்டாட்டம்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போட்டு அணைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் இரையும் அறை வேண்டாம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் நேரம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் தூரம், நேருக்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாக. நேராக வைத்தால் ‘ப’ வரும் சொல்லெல்லாம் ‘பொத்’ என்று ஊதும். ‘பப்பாளிப் பழம்’ என்று சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

எடிட்டிங் கஷ்டமா?

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஆளுக்கு ஒரு தடம் (டிராக்), ஓசைக்கு ஒரு தடம். எல்லோரும் பேச ஆரம்பிப்பதற்கு முன் ஐந்து வினாடி சும்மா இருந்து அறையின் மௌனத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னணி இரைச்சலைக் குறைக்க மென்பொருள் அந்த மௌனத்தைத்தான் மாதிரியாகக் கேட்கும். அளவாகக் குறையுங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

வேலை முடியும்வரை வேவ் கோப்பாக, அதாவது ஒலியைச் சுருக்காத கோப்பாக, வைத்திருங்கள். ஒரே தடம் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 5 எம்பி. கொடுக்கும்போது 64 கேபிபிஎஸ் (வினாடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) மோனோ (ஒற்றைத் தடம்) எம்பி3 ஆகச் சுருக்கினால் நாலு நிமிஷக் கதை 2 எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும். கேட்பவர்கள் பெரும்பாலும் போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள் என்பதால், கடைசியில் நீங்களும் ஒருமுறை அதிலேயே கேட்டுப் பாருங்கள். ஹெட்போனில் அழகாகக் கேட்ட இடி, போனில் காகிதம் கிழிவது போலக் கேட்கும்.

எத்தனை நிமிஷம் இருக்கலாம்?

மூன்று முதல் ஐந்து. நீளமான கதை என்றால் இரண்டு பாகம்.

எங்க ஊர்ப் பேச்சுல பேசலாமா? பிள்ளைங்க தமிழ் கெட்டுடாதா?

கெடாது. கதை சொல்பவர் குரல் நல்ல எழுத்துத் தமிழில் போகட்டும், பாத்திரங்கள் வாழும் ஊரின் பேச்சைப் பேசட்டும். “எதுக்கு மக்களே அழுக?” என்று எங்கள் ஊர்க் கிழட்டு ஆமை கேட்கும்போது இருக்கும் பரிவு, “ஏன் அழுகிறாய்?” என்பதில் இல்லை. இரண்டு தமிழையும் ஒரே கதையில் கேட்கும் பிள்ளை, எதை எங்கே பேசுவது என்று தானாகவே பிடித்துக்கொள்கிறது.

உறவுச் சொற்களில் கவனம் வேண்டும். ஒரு பையன் தன் கதையில் ‘பாட்டா’ என்று சொல்லியிருந்தான். இங்கே தாத்தாவுக்கு அதுதான் சொல். சென்னையிலிருந்து வந்து எங்களோடு நடித்த நண்பர், எல்லோருக்கும் புரியட்டும் என்று ‘தாத்தா’ என்று பேசிவிட்டார். பதிவைக் கேட்ட பையன், “எனக்க பாட்டாவ காணல, இது யாரு?” என்றான். திரும்பப் பதிவு செய்தோம்.

பிள்ளையே நடிக்கக் கூடாதா?

நடிக்கலாம், ஆனால் முதல் கதையில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான்கு பெரியவர்கள் தன் கதையைப் பொருட்டாக எடுத்துக்கொண்டு உழைத்திருக்கிறார்கள் என்று கேட்கும்போது, பிள்ளையின் முகம் ஒரு மாதிரி ஆகும். அதை முதலில் அனுபவிக்கட்டும். கதைத் தலைப்பையும், “கதை சொன்னது நான்தான்” என்பதையும் மட்டும் பிள்ளையின் குரலிலேயே வைப்போம். அடுத்த கதையிலிருந்து விருப்பமானால் நடிக்கட்டும். மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நிலைமையைச் சொல்லிவிட்டு, “இப்ப நீ பல்லி, உன் வாலைக் காணோம்” என்று விட்டுவிடுங்கள்.

கதையில எல்லாரும் செத்துப் போறாங்க. இல்லைன்னா ஒரே கக்கா, குசு. இதையெல்லாம் எப்படிப் போடுறது?

ஐந்திலிருந்து எட்டு வயதுவரை இது சகஜம். எங்களிடம் வந்த ஒரு கதை இப்படி முடிந்தது: “எல்லாரும் செத்துப் போயிட்டாங்க. அப்புறம் சாப்பிட்டாங்க.” அந்த வயதில் சாவு என்பது பெரும்பாலும் ‘கதை முடிஞ்சு போச்சு’ என்று சொல்லும் வழி. அப்படியே நடித்தோம். எல்லோரும் ‘தொப் தொப்’ என்று விழுந்தார்கள், ஒரு நீண்ட மௌனம், பிறகு தட்டுகள் சத்தம், “கொஞ்சம் ரசம் ஊத்துங்க.” குசுவும் அப்படித்தான். ஒருமுறை வந்தால் வைப்போம், பத்துமுறை வந்தால் பிள்ளையிடமே “எந்த இடத்துல வந்தா ரொம்பச் சிரிப்பு வரும்?” என்று கேட்போம். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். நகைச்சுவையில் அளவு என்பதை அவர்களே அப்போது கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஆளைப் பற்றி, ஒரே பயம் திரும்பத் திரும்பக் கதையில் வந்தால், அல்லது சொல்லும்போது பிள்ளை சிரிக்காமல் ஒடுங்கினால், பதிவை நிறுத்திவிடுங்கள். அதைத் தனியாக உட்கார்ந்து, பொறுமையாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான 1098 உதவி எண் இருக்கிறது.

பதிவைக் கேட்டுட்டு என் மக “இது என் கதை இல்ல”ன்னு அழுறா. என்ன தப்பு பண்ணினேன்?

எங்களுக்கும் இது நடந்திருக்கிறது, இரண்டாவது வருஷத்தில். ஒரு சிறுமியின் கதையில் முதலை தனியாக இருந்தது. நகைச்சுவைக்காக அதற்கு ஒரு மனைவியைச் சேர்த்தோம். நன்றாகவே இருந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “முதலைக்கு யாருமே கிடையாது, அதான் கதை” என்றாள். மேலே சொன்ன விதி, இல்லாத வரியை நுழைக்கக் கூடாது என்பது, அந்த நாளில் பிறந்தது.

அழும் பிள்ளையிடம் “நல்லாதானே இருக்கு” என்று சமாதானம் சொல்லாதீர்கள். எது தப்பு என்று கேட்டு, எழுதிக்கொண்டு, திருத்திப் பதிவு செய்யுங்கள். எழுதிய நாடகத்தைப் பதிவுக்கு முன்பே ஒருமுறை பிள்ளைக்கு வாசித்துக் காட்டினால் இந்தச் சிக்கலே வராது. ஆசிரியரின் சம்மதம் இல்லாமல் நாடகம் இல்லை, ஆசிரியருக்கு ஆறு வயதானாலும்.

எங்க வகுப்புல நாற்பது பேர். யார் கதையை எடுக்கிறது?

போட்டி வைக்காதீர்கள், பரிசு கொடுக்காதீர்கள். ‘சிறந்த கதை’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்த நிமிஷத்தில், மற்ற முப்பத்தொன்பது பேரும் அடுத்த முறை ஆசிரியருக்குப் பிடித்த மாதிரி எழுத ஆரம்பிப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், வாரத்துக்கு ஒன்று. மற்றவர்கள் அந்த வாரத்துக் கதைக்கு ஓசைக் குழு. முறமும் தகரமும் நாற்பது கைகளுக்கும் வேலை வைக்கும். மைக் முன்னால் நடுங்கும் பிள்ளைகள் பலர் மழை பெய்விப்பதில் கெட்டிக்காரர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நடுவுல ஒரு சினிமாப் பாட்டு பத்து செகண்ட் போட்டா தப்பில்லையாமே?

அப்படி ஒரு சட்டம் இல்லை. இத்தனை வினாடிவரை இலவசம் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. வீட்டுக்குள் கேட்கும் பதிவு என்றால் வேறு. வெளியிடுவதானால் பாட்டை நீங்களே கட்டுங்கள். தாலாட்டு, கும்மி, விடுகதை மெட்டுகள் இருக்கின்றன. ‘ஆட்டு வயித்துல நிலாவு’ என்று நாங்கள் கட்டிய கும்மிப் பாட்டைத் தெருப் பிள்ளைகள் இப்போது விளையாடும்போது பாடுகிறார்கள்.

யூடியூப்ல போடலாமா? கதை யாருக்குச் சொந்தம்?

கதை பிள்ளைக்குச் சொந்தம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். படைத்தவர் பெரியவராக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. உரிமை அவர் வாழ்நாளுக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நிற்கும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதால், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். எதற்காக, எங்கே வெளியிடுகிறீர்கள், பணம் வந்தால் யாருக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடச் சொல்லலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை வேண்டாம் என்றால் நாங்கள் போடுவதில்லை.

2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, முழுப்பெயர், பள்ளி, தெரு, புகைப்படம் எதையும் போடாதீர்கள். முதல் பெயரும் வயதும் போதும். கதைக்குள்ளேயே பிள்ளை தன் வீட்டு அடையாளத்தைச் சொல்லியிருக்கும், அதையும் கவனியுங்கள். சொல் மாறக்கூடாது என்ற விதிக்கு நாங்கள் வைத்திருக்கும் ஒரே விலக்கு அதுதான், அதையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டே மாற்றுகிறோம்.

ஏஐகிட்ட கொடுத்தா ஒரு நிமிஷத்துல குரலோட செஞ்சு தருமே?

தரும். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது கோப்பு மட்டும் இல்லை. மளிகைக் கடைக்கார மாமா தன் கதைக்காகக் கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு வந்து ஓணானாகப் பேசினார் என்பது அதற்குக் கிடைக்கிறது. மறுநாள் கடைக்குப் போனால், “என்ன ரைட்டரே, அடுத்த கதை எப்போ?” என்று அவர் கேட்கிறார். இதை நான் வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

என் மக ஒரே கதையைப் பாகம் பாகமா சொல்லிட்டே இருக்கா. எப்ப நிறுத்துறது?

அவள் நிறுத்தும்போது. நிலாவைக் குடித்த ஆட்டின் கதை ஐந்து வரியில் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அதைச் சொன்ன சிறுமிக்கு இப்போது எட்டு வயது, கதை ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது. நிலா இல்லாமல் வானம் இருட்டாகிவிட்டதால், ஆடு அதைத் திருப்பிக் கொடுக்க ஏணி தேடுகிறது. ஏணி மேகத்தில் மோதும் சத்தம் எப்படி இருக்கும் என்று போன சனிக்கிழமை கேட்டேன். தலையணையைத் தட்டிப் பார்த்தாள், இலவம்பஞ்சு மெத்தையைத் தட்டிப் பார்த்தாள், இரண்டும் இல்லை என்றாள். இந்த வாரம் வீட்டிலிருந்து எதையோ எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.